எட்டு போஃபோர்!

கிரேக்க எழுத்துக்களில் எனக்கு ரொம்ப நாளாகத் தெரிந்தவை இரண்டே இரண்டு. ஒன்று பை. பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் பரப்பளவுக்காக அறிமுகமானது. இன்னொன்று சிக்மா. பி.காம். இரண்டாம் வருஷத்தில் ஸ்டாண்டர்டு டீவியேஷன் என்ற பெயரில் வந்து எனக்கு ஓர் அரியரைப் பரிசளித்துவிட்டுப் போனது. பதினைந்து வருஷம் கழித்து, ஆகஸ்ட் கடைசியில் ஒரு காலை ஏழு மணிக்கு, அவை இரண்டையும் ஒரு கப்பலின் முதுகில் சேர்ந்து பார்த்தேன். 'பிரேயஸ்' என்று துறைமுகத்தின் பெயர். பையில் ஆரம்பித்து சிக்மாவில் முடிகிறது. நடுவில் ஆங்கிலப் 'பி' மாதிரி ஒன்று இருக்கிறது பாருங்கள், அதை 'ர' என்று படிக்க வேண்டுமாம். யாரையும் நம்பக் கூடாத எழுத்துக்கள்.

எழுத்தைப் பற்றி இப்போது இவ்வளவு சாவதானமாக எழுதுகிறேனே தவிர, அன்றைக்கு நானும் என் மனைவியும் ஓடிக்கொண்டிருந்தோம்.

பிரேயஸ் துறைமுகம் ஒரு குதிரை லாடம். சுற்றிலும் ஈ-1, ஈ-2 என்று பன்னிரண்டு வரை வாசல்கள். நாங்கள் போக வேண்டிய சைக்ளாடிஸ் தீவுகளுக்கு ஈ-7. அது மெட்ரோ ஸ்டேஷனுக்கு நேர் எதிரே இருக்கிறது. மெட்ரோவில் வந்திருந்தால் ரோட்டைத் தாண்டினால் போதும். "இரண்டு பெட்டி இருக்கு, டாக்ஸியில போயிடலாம்" என்று சொன்ன புத்திசாலி நான். டிரைவர் "எந்த வாசல்?" என்று கேட்டபோது தெரிந்த மாதிரி "ஒன்று" என்று சொன்ன புத்திசாலியும் நான்தான். ஈ-1 என்பது துருக்கிப் பக்கத்துத் தீவுகளுக்குப் போகிறவர்களின் வாசல். அங்கிருந்து ஈ-7 லாடத்தின் மறு பக்கம்.

"ஏங்க, டிக்கெட்ல பெரிசா ஏழுன்னு போட்டிருக்கே!"

என் மனைவி வங்கியில் ஆபீசர். நான் ஃப்ரீலான்ஸ். ஆகவே டிக்கெட் யார் காசில் வாங்கியது என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தச் சூழ்நிலையில் ஒரு கணவன் என்ன செய்ய முடியும்? இரண்டு பெட்டியையும் நானே இழுத்துக்கொண்டு ஓடினேன்.

கிரேக்கக் கப்பல்கள் நமக்குச் செய்யும் முதல் மோசடி, அவை நிதானமாகத் தெரிவது. ஒன்பது மாடிக் கட்டடம் மாதிரி ஒன்று சும்மா நின்று புகை விட்டுக்கொண்டிருக்கிறது. இது எங்கே கிளம்பப் போகிறது என்று நினைப்போம். ஏழரை என்றால் ஏழரைக்குப் பின்பக்கத்து இரும்புப் பாலம் மேலே போய்விடும். நாங்கள் ஏழு இருபத்தாறுக்கு அந்தப் பாலத்தில் கால் வைத்தோம். மூச்சு வாங்க நின்ற என்னை, ஆரஞ்சுச் சட்டைக்காரர் ஒருவர் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினார். உள்ளே தள்ளினார் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால் 2023 செப்டம்பரில் இதே பிரேயஸில் ஒரு ராத்திரி, கிரீட் தீவுக்குக் கிளம்பிய கப்பலில் ஏற 36 வயது இளைஞர் ஒருவர் கடைசி நிமிஷத்தில் ஓடி வந்தார். ஊழியர்கள் அவரை வெளியே தள்ளினார்கள். பாலத்துக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீரில் விழுந்து இறந்து போனார். கையில் டிக்கெட் இருந்தது. யாரோ செல்போனில் எடுத்த படம் நாடு பூராவும் பரவி, ஊரெல்லாம் கொதித்து, கப்பல் துறை மந்திரி ராஜினாமா செய்தார். இந்த விஷயத்தை எனக்குச் சொன்னவர் கப்பல் காப்பிக் கடைப் பையன். நான் உட்கார்ந்து, வியர்வை எல்லாம் அடங்கிய பிறகு சொன்னான். நல்லவன்.

காப்பி என்றதும் ஞாபகம். ஃப்ராப்பே என்று நுரை தள்ளும் ஜில் காப்பி ஒன்று கொடுக்கிறார்கள். 1957இல் தெசலோனிகி பொருட்காட்சியில், வெந்நீர் கிடைக்காத ஒரு நெஸ்லே கம்பெனிக்காரர் இன்ஸ்டன்ட் காப்பியைப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் குலுக்கியதில் பிறந்ததாம். சோம்பேறித்தனத்தில் பிறந்த எதுவும் எனக்குப் பிடிக்கும்.

கப்பலின் அடித்தளம் லாரிகளுக்கும் கார்களுக்கும். அங்கேயே ஓரமாகப் பெட்டிகள் வைக்கத் தட்டுக்கள். தீவுக்கு ஒரு தட்டு, மேலே பெயர்ப் பலகை: பாரோஸ், நாக்ஸோஸ், தீரா. சாண்டோரினி சாண்டோரினி என்று காலண்டரில் நீலமும் வெள்ளையுமாகப் பார்க்கிறோமே, அதன் சொந்தப் பெயர் தீரா. இந்த விஷயம் தெரியாமல் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் போனவர்கள் உண்டாம். எனக்குப் பெயர் பிடித்துப் போயிற்று. தீரா! நம்மூர் சினிமாவில் காதலுக்கும் கடனுக்கும் முன்னால் போடுகிற வார்த்தை. எங்கள் பயணத்தின் க்ளைமாக்ஸும் அங்கேதான். அறையிலிருந்தே எரிமலை வாய் தெரிகிற ஹோட்டல், இரண்டு ராத்திரி. இது மட்டும் என் செலவு. இரண்டு மாசம் எழுதின காசு. ரத்து செய்தால் திருப்பித் தர மாட்டோம் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது. யார் ரத்து செய்யப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

கிரீஸில் குட்டித் திட்டுக்களையும் சேர்த்தால் ஏறத்தாழ ஆறாயிரம் தீவுகள் என்கிறார்கள். மனுஷன் குடியிருப்பது இருநூற்றுச் சொச்சம்தான். நாங்கள் போன கடலுக்கு ஏஜியன் என்று பெயர் வந்ததே ஒரு தகவல் தொடர்புக் கோளாறினால். ஏதென்ஸ் ராஜா ஏஜியஸின் மகன் தீசியஸ், கிரீட்டில் இருந்த எருமைத் தலை அரக்கனைக் கொல்லப் போகிறான். (எருமை இல்லை, காளை. எழுதும் வேகத்தில் வந்துவிட்டது.) "ஜெயித்து வந்தால் வெள்ளைப் பாய் கட்டிக்கொண்டு வருகிறேன், செத்துப் போனால் கறுப்புப் பாயோடு கப்பல் வரும்" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனவன், ஜெயித்துவிட்டு, பாயை மாற்ற மறந்துவிட்டான். கரையில் காத்திருந்த அப்பா கறுப்பைப் பார்த்துக் கடலில் குதித்தார். திரும்புகிற வழியில், தனக்கு உதவி செய்த காதலி அரியாட்னியையே நாக்ஸோஸ் தீவில் விட்டுவிட்டுக் கிளம்பியவன் அவன். காதலியை மறப்பவன் பாயை மறந்ததில் என்ன ஆச்சரியம்?

கதையைக் கேட்டுவிட்டு மனைவி சொன்னாள்: "அந்த அப்பா ஒரு அரை மணி நேரம் பொறுத்திருக்கலாம்."

கரையில் நிற்பவர்களின் பொறுமையைப் பற்றி எங்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது.

நாலு மணி நேரத்துக்கு மேல் போன பிறகு பாரோஸ் வந்தது. மேல்தளத்தில் எங்கள் பக்கத்தில் நின்றவர், அந்தத் தீவைச் சேர்ந்த ஓர் ஆசிரியர், கடலுக்கு நடுவில் துருத்திக்கொண்டிருந்த இரண்டு பாறைகளைக் காட்டினார். போர்ட்டெஸ் என்று பெயர். கதவுகள் என்று அர்த்தம். 2000 செப்டம்பர் 26 ராத்திரி 'எக்ஸ்பிரஸ் சமீனா' என்ற கப்பல் ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு நேராகப் போய் அதன்மேல் மோதிற்று. பாறையின்மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கப்பல் தானியங்கியில் ஓடிக்கொண்டிருந்தது. சிப்பந்திகளில் பலர் டி.வி.யில் ஃபுட்பால் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். தண்ணீர் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் பாயாமல் தடுக்க இருக்கும் கதவுகளில் பெரும்பாலானவை திறந்தே கிடந்தன. கப்பல் ஒரு மணி நேரத்துக்குள் மூழ்கி எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கேப்டனும் முதல் அதிகாரியும் பின்னால் சிறைக்குப் போனார்கள். மிச்சப் பேர் பிழைத்ததில் பெரும் பங்கு பாரோஸ் மீனவர்களுக்கு. அந்தக் காற்றில் வள்ளங்களை எடுத்துக்கொண்டு போய் ஆட்களை வாரி எடுத்தார்கள்.

"எங்கள் தெருவில் பாதி வீட்டில் போர்வை இல்லாமல் போயிற்று அன்றைக்கு" என்றார் ஆசிரியர். "எல்லாவற்றையும் துறைமுகத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்."

எங்கள் கப்பல் அந்தப் பாறைகளைத் தாண்டிப் போகும்போது நான் மேலே, மாலுமிகளின் அறைப் பக்கம் அண்ணாந்து பார்த்தேன். டி.வி. இருக்கிறதா என்று.

நாக்ஸோஸில் இறங்குவது தனிக் கலை. ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னதும் அத்தனை கூட்டமும் அடித்தளத்தில் லாரிகளுக்கு நடுவே வந்து நிற்கிறது. டீசல் வாசனை, இருட்டு, முன்னால் ஒரு பாட்டி, பின்னால் ஒரு நாய். கப்பல் அப்படியே பின்பக்கமாகத் திரும்பி ரிவர்ஸில் கரைக்கு வருகிறது. சங்கிலி உறும, இரும்புக் கதவு மெதுவாகக் கீழே சாய, வெளிச்சம் ஒரு கோடாக, பிறகு பட்டையாக, பிறகு ஊராக உள்ளே விழுகிறது. திரையே மேலிருந்து கீழே இறங்கித் திறக்கிற தியேட்டர். கதவு கரையைத் தொடுமுன்பே முன்வரிசை நடக்க ஆரம்பித்துவிடும். சில நிமிஷந்தான். இறங்குகிறவர், ஏறுகிறவர், லாரி, தக்காளிக் கூடை எல்லாம் ஒரே வாசலில். விசில்களுக்குப் பஞ்சமில்லை. அப்புறம் கப்பல் போய்விடும். கரையில் நீங்களும் உங்கள் பெட்டியும் மட்டும். எதிரே, கி.மு. ஆறாம் நூற்றாண்டில் அப்போலோவுக்குக் கோயில் கட்ட ஆரம்பித்து முடிக்காமல் விட்டதில் வாசல் நிலை மட்டும் நிற்கிறது, பளிங்கில். கான்ட்ராக்டர் எந்தக் காலத்திலும் கான்ட்ராக்டர்தான்.

இரண்டு நாள் நாக்ஸோஸ். அது டூரிஸ்ட் ஊர், அதைப் பற்றிப் படங்கள் நிறைய வந்திருக்கின்றன. விடுங்கள்.

அங்கிருந்து சின்னத் தீவு ஒன்றுக்குப் போகலாம் என்று சொன்னது நான். ஸ்கினூஸா. ஜனத்தொகை இருநூற்றுச் சொச்சம். இந்த மாதிரித் தீவுகளுக்குக் கப்பல் விட்டால் கம்பெனிக்குக் கட்டாது. எனவே அரசாங்கம் மானியம் கொடுத்து விடச் சொல்கிறது. இந்தத் தடங்களுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஆகொனி கிராமி'. ஆங்கிலம் தெரிந்த காதுக்கு ஆகனி என்று விழும். கிரேக்கத்தில் மலட்டுத் தடம் என்று பொருள். போன அன்றைக்கு, ஒன்பது மாடி இல்லாத, பஸ்ஸுக்கு அண்ணன் மாதிரி இருந்த அந்தக் கப்பலின் ஆட்டத்தில் எனக்கு ஆங்கில அர்த்தமே சரி என்று பட்டது.

ஸ்கினூஸாவில் இறங்குதுறை கீழே, ஊர் மேட்டின்மேல். ஒரே கடைத்தெரு. அங்கே ஃபாவா என்று ஒன்று பிரசித்தம். மஞ்சள் பருப்பை வேகவைத்துக் கடைந்து, எண்ணெய் ஊற்றி, மேலே வெங்காயம் நறுக்கிப் போட்டு வைக்கிறார்கள். ஒரு வாய் வைத்துவிட்டு மனைவி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இத்தனை கடல் தாண்டி வந்து பருப்புக் கடைசல். கடுகு மட்டும் தாளிக்கவில்லை. வெளியூரில் எட்டு நாள் ரொட்டி தின்றவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். இரண்டு தட்டு சாப்பிட்டோம். மிளகு வாங்க நம் கரைக்கு வந்தவர்களை 'யவனர்' என்றார்கள் நம் முன்னோர்கள். 'அயோனியர்' என்பதிலிருந்து வந்த பேர் அது. மிளகோடு தாளிப்பையும் கற்றுக்கொண்டு போயிருக்கலாம்.

மறுநாள் சாயங்காலம் காப்பிக் கடைக்காரர் போனைப் பார்த்தபடி சொன்னார்: "ஒக்தோ போஃபோர்."

"என்னது, போஃபர்ஸா?" என்றாள் மனைவி. "அது இங்கேயும் வந்துடுச்சா?"

காற்றின் வேகத்துக்கு போஃபோர்ட் என்ற ஆங்கிலக் கடற்படைக்காரர் 1805இல் போட்ட கணக்கு அது. ஒக்தோ என்றால் எட்டு. மணிக்கு 62லிருந்து 74 கிலோமீட்டர். எட்டு என்று வந்தால் பொதுவாகக் கப்பல் விட மாட்டார்கள். அதிவேகக் கப்பல், சின்னக் கப்பல் என்றால் அதற்கு முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள். தடை உத்தரவுக்கு 'அபகொரெஃப்திகோ' என்று பெயர். சொல்லி முடிப்பதற்குள் காற்றே நின்றுவிடும் போன்ற வார்த்தை. நிற்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால் மழை இல்லை, மேகம் இல்லை. ஆகாயம் துடைத்து வைத்த மாதிரி நீலம். ஆனால் வடக்கேயிருந்து மெல்டெமி என்கிற காற்று, ஜூலை ஆகஸ்டில் வழக்கமாக வருகிறது, யாரோ ராட்சச ஃபேனைப் போட்டுவிட்டு ரெகுலேட்டரைப் பிடுங்கிக்கொண்டு போன மாதிரி வீசுகிறது. எங்கள் நாற்காலி ஒன்று தெருவில் தானே நடந்து போயிற்று.

முதல் நாள் எனக்குக் கோபம். ஹோட்டலுக்குப் போன் போட்டேன். எரிமலை வாய்க்காரர்கள் மிகுந்த மரியாதையோடு, பணம் திரும்பாது என்றார்கள். கப்பல் டிக்கெட்டுக்குப் பணம் வந்துவிடும், அல்லது வேறு நாளைக்கு மாற்றித் தருவார்கள். தடை என்றால் அது முறை. ஹோட்டலுக்கு அப்படி முறை கிடையாது. இரண்டு மாத எழுத்து, ஐந்து நிமிஷத்தில் வாராக் கடன். அரை மணிக்கொரு தரம் இறங்குதுறைக்கு நடந்து போய்க் கடலைப் பார்த்து முறைத்துவிட்டு வந்தேன். கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று மரைன்டிராஃபிக்கில் வேறு பார்த்தேன். (அதுவும் கிரேக்கச் சரக்குத்தான். ஏஜியன் பல்கலைக்கழகத்தில் பிறந்தது.) எல்லாம் துறைமுகத்தில் வரிசையாக, தொழுவத்தில் மாடு மாதிரி.

இரண்டாம் நாள் காலையில்தான் அந்தப் பெரியவரைக் கவனித்தேன். காற்று படாத சுவர் ஓரமாக, பிளாஸ்டிக் நாற்காலியில், வெள்ளைச் சட்டையை மூக்குப் பட்டன்வரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மனைவி. அவர் மடியில் ஒரு பெரிய காக்கி உறை. எக்ஸ்ரே உறையை உலகத்தில் எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரிந்துவிடுகிறது, இல்லையா? நேற்றும் இதே இடத்தில், இதே சட்டையில் இருந்திருக்கிறார். நான் கடலை முறைத்துக்கொண்டிருந்ததில் பார்க்கவில்லை.

காப்பிக் கடைக்காரர்தான் மொழிபெயர்த்தார். இடுப்பு. நாக்ஸோஸ் ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க வேண்டும், எலும்புக்காரர் இன்ன நாள்தான் பார்ப்பார், அந்த நாள் நேற்று.

"அவசரத்துக்கு எதுவும் வராதா?" என்று கேட்டேன்.

கேள்வி போய், பதில் வந்தது. பாட்டிதான் சொன்னார். உயிருக்கு ஆபத்தென்றால் ஹெலிகாப்டர் வரும், கடலோரக் காவல் படகும் வரும். "இவருக்கு ஆபத்து இல்லை. வலிதான்."

வலிக்கு ஹெலிகாப்டர் கிடையாது. கப்பலுக்குக் காத்திருக்க வேண்டும். பெரியவர் இதைக் கேட்டுவிட்டு என்னமோ சொன்னார். கடைக்காரர் சிரித்தார். "கப்பல் வருகிற வரைக்கும் டாக்டரும் கத்தியைத் தொட முடியாது, அதுவரை லாபம் என்கிறார்."

நான் அன்றைக்கு ஹோட்டலுக்கு மறுபடி போன் செய்யவில்லை. சாயங்காலம் அவர் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எனக்குக் கிரேக்கத்தில் பை, சிக்மா. ஒரு மணி நேரம் கடலைப் பார்த்தோம். அவர் நடு நடுவே விரல் விட்டுக் காட்டுவார். ஏழு. பிறகு எட்டு. பிறகு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு, ஏழரை. அலைகளின் வெள்ளை நுரையைப் பார்த்தே போஃபோர்டைச் சொல்கிறார் என்பது எனக்கு ரொம்ப நேரம் கழித்துத்தான் புரிந்தது. கடைக்காரரின் போனும் அதையேதான் சொல்லிற்று. ஏழரை மட்டும் அதில் கிடையாது.

மூன்றாம் நாள் விடிகாலை அவர் ஆறு விரல் காட்டினார்.

கப்பல் வந்தது. ஊரே துறையில் நின்றது. இரண்டு நாள் கூட்டம் என்பதால் தள்ளுமுள்ளு. எனக்கும் உள்ளே போய் நல்ல இடம் பிடிக்க வேண்டும் என்று கை கால் பரபரத்தது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். முன்வரிசையில் இருந்தேன். ஏறியும் விட்டேன். விசில் ஊதி, பாலம் ஒரு சாண் மேலே எழும்பிய பிறகுதான், மனைவி என் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, தாத்தா!"

சுவரோரத்திலிருந்து பாலம் வரைக்கும் முப்பது அடி இருக்கும். அந்த முப்பது அடியில் பாதியைத்தான் அவர் கடந்திருந்தார். பாட்டி ஒரு பக்கம், காப்பிக் கடைக்காரர் ஒரு பக்கம். ஓட முடியாதவர் நடப்பது மாதிரி நடந்துகொண்டிருந்தார். நான் கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். "யோவ், நிறுத்துய்யா! ஆள் வருது!"

கத்தவே வேண்டியிருக்கவில்லை. மாலுமி ஏற்கெனவே கையைத் தூக்கி மேலே சைகை காட்டிவிட்டான். பாலம் மறுபடி தரையில் படிந்தது. இரண்டு பேர் இறங்கிப் போனார்கள். ஒருத்தன் அந்த பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து பெரியவரின் பின்னால் வைத்தான். இன்னொருத்தன் உட்காரச் சொன்னான். அப்படியே நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஏறினார்கள். கல்யாண மாப்பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. பெரியவர் வெள்ளைச் சட்டையில் மிடுக்காக, இரண்டு பக்கமும் ஊரைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டு வந்தார். யாரும் "நேரமாச்சு" என்று முணுமுணுக்கவில்லை. மூன்று நிமிஷம் ஆகியிருக்கும்.

பாட்டிக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது. உறையை என்னிடம் நீட்டினார். நாக்ஸோஸ் வரை அந்த எக்ஸ்ரேயை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆறு போஃபோர் என்பது எட்டு இல்லைதான். ஆனாலும் என்னைச் சுற்றி ஒரு ஜெர்மானியக் குடும்பம், இரண்டு பாதிரியார்கள், ஒரு சின்னப் பெண் எல்லோரும் ஆளுக்கொரு பையில் முகத்தைப் புதைத்திருந்தார்கள். நான் மட்டும் வாந்தி எடுக்கவில்லை. உறையில் பட்டுவிடுமோ என்ற பயத்தில் வரவில்லை என்று நினைக்கிறேன். டாக்டர்கள் இதை ஆராயலாம்.

நாக்ஸோஸ் துறையில் மருமகன் வண்டியோடு நின்றார். பெரியவர் என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, ஆள்காட்டி விரலால் கடலைக் காட்டி, நாலு விரல் காட்டினார். சாயங்காலத்துக்குள் நாலுக்கு இறங்கிவிடும் என்று அர்த்தம். இறங்கிற்று.

சாண்டோரினி போக நேரமில்லை. நேராக பிரேயஸ். ஏதென்ஸில் கடைசியாக ஒரு நாள் வேலையே இல்லாமல் காலியாக விட வேண்டும் என்று மனைவி முதலிலேயே சண்டை போட்டு வாங்கியிருந்தாள். "ஒரு நாள் வேஸ்ட்" என்று நான் எதிர்த்த அந்த நாள் இல்லாவிட்டால் ஃப்ளைட்டும் போயிருக்கும். ரிசர்வ் ஃபண்ட் என்பதை பி.காம். படித்தவனுக்கு வங்கிக்காரிதான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கப்பலில் பெட்டியை வைக்கும்போது தீராத் தட்டைப் பார்த்தேன். காலியாக இருந்தது.

சென்னை ஏர்போர்ட்டில் என் கைப்பையைத் திறந்த அதிகாரி, பழைய துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு கிலோ பொட்டலத்தை வெளியே எடுத்தார். நாக்ஸோஸ் துறையில் பாட்டி உறையைத் திருப்பி வாங்கிக்கொண்டு, பதிலுக்குக் கையில் திணித்தது.

"என்ன சார் இது?"

"பருப்பு."

"எங்கேயிருந்து வர்றீங்க?"

"கிரீஸ்."

பொட்டலத்தை ஒரு தரம் குலுக்கிப் பார்த்தார். என்னை ஒரு தரம். அப்புறம் என் மனைவியைப் பார்த்து, அனுதாபமாக, "போங்க மேடம்" என்றார்.